மருத்துவக் கல்லூரி விரிவாக்கம்: திருத்துவதா, பக்கத்தில் கட்டுவதா, வெளியே போவதா?

மருத்துவக் கல்லூரிக்கு இடம் போதவில்லை என்று ஒரு குழு கூடினால், அரை மணி நேரத்துக்குள் அது மூன்று கட்சியாகப் பிரிந்துவிடும். இருக்கிற கட்டடத்தையே தட்டிக்கொட்டிச் சரிசெய்து வைத்துக்கொள்வோம் என்பார்கள் சிலர். மருத்துவமனை வளாகத்துக்குள் மிச்சம் கிடக்கும் இடத்தில் உயரமாக ஒரு புது பிளாக் எழுப்பலாம் என்பார்கள் வேறு சிலர். இந்த நெரிசலே வேண்டாம், வெளியே பெரிய மனையாகப் பார்த்து எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்குவோம் என்று மூன்றாவது கட்சி படமே வரைந்துகொண்டு வந்திருக்கும். பிறகு மூன்றுக்கும் சதுர அடிக் கணக்குப் போட்டு எது மலிவு என்று பார்ப்பார்கள்.

மலிவு பார்ப்பதில் தப்பில்லை. ஆனால் அதற்கு முன்னால் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ‘கற்பித்தல் மற்றும் ஆராய்ச்சி வசதிகள்’ என்று கோப்பில் ஒரே தலைப்பாக எழுதிவிடுகிறோம். கட்டடத்தைப் பொறுத்தவரை அவை ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு வேலைகள். வகுப்பறையைப் பழைய கட்டடத்தில் எப்படியாவது உட்கார வைத்துவிடலாம். ரசாயனமும் செல்களும் கையாளுகிற ஆய்வகத்தை அப்படி உட்கார வைத்தால் அது இருபது வருடம் முனகிக்கொண்டே இருக்கும். நான் எந்தக் கட்சி என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்: பாடம் பழைய கட்டடத்தில், ஆராய்ச்சி புது பிளாக்கில், இரண்டும் வார்டிலிருந்து நடக்கும் தூரத்தில். வெளியே போவதென்றால் மருத்துவமனையும் கூடவே வர வேண்டும்.

ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே

பழைய கட்டடத்தை ஆய்வகமாக மாற்ற முடியுமா என்று தெரிந்துகொள்ளப் பெரிய அறிக்கை எதுவும் தேவையில்லை. ஒரு ஏணி, ஒரு டேப், கொஞ்சம் தூசி தாங்கும் மூக்கு போதும். ஃபால்ஸ் சீலிங்கில் ஒரு தகட்டைத் தள்ளிவிட்டு மேலே தலையை நீட்டுங்கள். ஒரு தளத்துக்கும் அடுத்த தளத்துக்கும் இடையே 3.4 மீட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நடுவில் ஓடும் பீம் 60 சென்டிமீட்டர். பீமுக்கு அடியில் மிஞ்சுவது 2.8. அதற்குக் கீழே 50 சென்டிமீட்டர் காற்று டக்ட். அதற்கும் கீழே மின்கேபிள் தட்டு, தண்ணீர்க் குழாய், தீயணைப்புக் குழாய், விளக்கு. எல்லாம் போக நிற்பவர் தலைக்கு மேல் இருப்பது 2.1 மீட்டர் சொச்சம். கையைத் தூக்கினால் சீலிங்கில் இடிக்கும். புதிதாகக் கட்டும் ஆய்வகங்களில் தளத்துக்குத் தளம் 4.2 மீட்டரோ அதற்கு மேலோ வைப்பது இதற்காகத்தான்.

டக்ட் ஏன் அவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று நிதிப் பிரிவிலிருந்து யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்வி. அலுவலகத்தில் ஏசி காற்றைத் திரும்பத் திரும்பச் சுற்றவிடலாம். ரசாயனம் புழங்கும் ஆய்வகத்தில் அப்படிச் செய்வதில்லை. உள்ளே வந்த காற்று ஒருமுறை சுற்றியதும் கூரை வழியாக வெளியே போக வேண்டும். மணிக்கு 6 முதல் 12 முறை அறையின் மொத்தக் காற்றும் மாறும்படி வடிவமைப்பது வழக்கம். இதில் ரசாயன ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஃபியூம் ஹுட் என்ற கண்ணாடி முகப்புப் பெட்டி தனிக் கதை. ஒன்றரை மீட்டர் அகலம், 45 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கண்ணாடி திறந்திருக்கும் ஒரு ஹுட், வினாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் காற்றை இழுத்தால் மணிக்கு 1,200 கன மீட்டர் ஆகிறது. பத்துக்குப் பன்னிரண்டு மீட்டரில் ஒரு வகுப்பறை என்றால் அதன் காற்று முழுவதையும் ஒரே ஒரு ஹுட் ஒரு மணி நேரத்தில் மூன்று முறைக்கு மேல் குடித்துவிடும். அவ்வளவு காற்றையும் குளிர வைத்தோ சூடாக்கியோதான் உள்ளே விட்டிருக்கிறோம். ஆய்வகக் கட்டடத்தின் மின்கட்டணம் அலுவலகக் கட்டடத்தைவிடப் பல மடங்கு வருவது இதனால்தான்.

புதிதாகக் கட்டினால் மட்டும் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. கட்டடக்கலைஞர் லூயி கான் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்காக வடிவமைத்த ரிச்சர்ட்ஸ் மருத்துவ ஆராய்ச்சிக் கட்டடம் 1960களின் தொடக்கத்தில் பயன்பாட்டுக்கு வந்தது. கட்டடக்கலை மாணவர்கள் இன்றைக்கும் போய்ப் பார்க்கும் கட்டடம் அது. உள்ளே வேலை செய்த விஞ்ஞானிகளோ ஜன்னலில் அலுமினியத் தாள் ஒட்டிக்கொண்டார்கள், வெயில் கூச்சம் தாங்காமல். மறைக்காமல் விட்ட குழாய்களில் தூசி சேர்ந்தது, இடம் நெருக்கியது. அதே கான் அடுத்து கலிஃபோர்னியாவில் சால்க் ஆய்வு நிறுவனத்தைக் கட்டியபோது பாடத்தைக் கற்றுக்கொண்டார். 1965இல் முடிந்த அந்தக் கட்டடத்தில் ஒவ்வொரு ஆய்வகத் தளத்துக்கும் மேலே ஆள் நின்று வேலை செய்யும் உயரத்தில் குழாய்களுக்கென்றே ஒரு முழுத் தளம் இருக்கிறது. குழாயை மாற்ற வருகிறவர் கீழே நடக்கும் சோதனையைத் தொடவே வேண்டியதில்லை. கனடாவில் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 1972இல் திறந்த மருத்துவ மையத்திலும் இதே ஏற்பாடுதான். இடைத்தளம் போட்டால் கட்டுமானச் செலவு ஏறும், உண்மைதான். எல்லாக் கல்லூரிக்கும் அது வேண்டும் என்றும் சொல்லமாட்டேன். ஆனால் தளத்துக்குத் தளம் அரை மீட்டர் கூடுதல் உயரத்தை ‘வீண்’ என்று வெட்டும் பேனாவைப் பிடித்து நிறுத்த வேண்டும். சுவரை உடைத்து நகர்த்தலாம், கூரையை உயர்த்த முடியாது.

பழைய கட்டடத்துக்கு எதிராக இன்னொன்றும் உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: அதிர்வு. லிஃப்ட் ஓடினாலும் யாராவது நடைபாதையில் டிராலி தள்ளினாலும் நம் காலுக்குத் தெரியாத அளவில் தளம் அசைகிறது. நம் காலுக்குத் தெரியாதது எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப்புக்குத் தெரியும். படம் கலங்கிவிடும்.

சரி, வகுப்பறைக்கு வருவோம்

இங்கே பழைய கட்டடம் ஜெயிக்கிறது, அதுவும் சுலபமாக.

மருத்துவப் பாடம் நடத்தும் முறை மாறிவிட்டது. மெக்மாஸ்டர் 1969இலேயே நோயாளியின் பிரச்சினையை நடுவில் வைத்துச் சிறு குழுக்களாக உட்கார்ந்து படிக்கும் முறையைத் தொடங்கியது. அமெரிக்காவில் வெர்மான்ட் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி, விரிவுரைகளையே படிப்படியாக நிறுத்தப்போவதாக 2016இல் அறிவித்தது. எல்லோரும் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஆனால் 250 பேர் உட்காரும் செங்குத்தான கேலரியை இன்றைக்குப் புதிதாகக் கட்டுவது எனக்குப் புரியாத காரியம். கேலரியில் முன்வரிசை மாணவி திரும்பிப் பின்வரிசையோடு பேச முடியாது. நாற்காலியை நகர்த்த முடியாது. ஆண்டுக்கு நான்கு பெரிய கூட்டம் நடக்கும், மீதி நாளெல்லாம் பூட்டிக்கிடக்கும். இருக்கிற கேலரி ஒன்றை அப்படியே விட்டுவைத்து, மற்றவற்றைச் சமதளமாக்கினால் போதும்.

சிறு குழு அறை என்றால் பத்துப் பேர் சுற்றி உட்காரும் மேஜை, ஒரு திரை, எழுதும் பலகை, பேச்சு அடுத்த அறைக்குக் கேட்காத சுவர். இதற்கு 3.4 மீட்டர் உயரம் தாராளம். திசுக்களை மைக்ரோஸ்கோப்பில் படிக்கும் ஹிஸ்டாலஜி லேபின் நீண்ட பெஞ்சு வரிசைகள் பல இடங்களில் பாதி காலி. ஸ்லைடுகளை ஸ்கேன் செய்து திரையில் காட்டத் தொடங்கியபின் ஆளுக்கொரு மைக்ரோஸ்கோப் என்ற கணக்கு தளர்ந்துவிட்டது. அந்த ஒரு ஹாலிலேயே ஐந்தாறு குழு அறைகள் கிடைக்கும்.

செயல்முறைத் தேர்வுக்கும் இதே கதைதான். ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டனும் அவருடன் இருந்தவர்களும் 1975இல் எழுதிய ‘ஆஸ்கி’ முறையில், மாணவர் ஒரு நிலையத்திலிருந்து அடுத்ததற்கு மணியடித்ததும் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள், எல்லாவற்றுக்கும் ஒரு பொதுவான நடைபாதை: அவ்வளவுதான் தேவை. மூடிக்கிடக்கும் பழைய ஓ.பி. அறைகள் இதற்கென்றே கட்டியதுபோல இருக்கும். கைவிட்ட வார்டு ஒன்று கிடைத்தால் இன்னும் அதிர்ஷ்டம். கட்டில் நுழையும் அகலத்தில் கதவு, சுவரில் ஆக்சிஜன் பாயின்ட், நர்ஸ் உட்காரும் மேடை என்று பொம்மை நோயாளியை வைத்துப் பழகும் சிமுலேஷன் சென்டருக்கு வேண்டிய எலும்புக்கூடு ஏற்கனவே நிற்கிறது. புது பிளாக்கில் இதே சூழலைச் செயற்கையாக உண்டாக்கத் தனியாகச் செலவழிக்கிறார்கள்.

ஒரே விதிவிலக்கு, இறந்தவர் உடலை அறுத்துப் படிக்கும் டிசெக்‌ஷன் ஹால். பாடம் நடக்கும் இடம்தான், ஆனால் அதன் உடம்பு ஆய்வகத்தின் உடம்பு. உடலைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலினிலிருந்து எழும் ஃபார்மால்டிஹைடு மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் வகைப்படுத்தியது. கூரையோரம் மாட்டிய எக்ஸாஸ்ட் ஃபேன் இதற்கு உதவாது. ஆவி உடலிலிருந்து கிளம்பி, குனிந்து நிற்கும் மாணவரின் மூக்கைத் தாண்டித்தான் அந்த ஃபேனுக்கே போகும். மேஜையோரத்திலேயே கீழ்நோக்கி உறிஞ்சும் டேபிள்கள் வேண்டும்; ஒவ்வொன்றிலிருந்தும் டக்ட் போக வழி வேண்டும். 1594இல் பாதுவாவில் கட்டிய உடற்கூறியல் அரங்கில் ஆறு அடுக்கில் நின்றுகொண்டு மாணவர்கள் கீழே எட்டிப் பார்த்தார்கள். காற்றைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. நாம் கவலைப்பட வேண்டும். பழைய கட்டடத்தில் தரைத்தளம் உயரமாக இருந்தால் அங்கேயே திருத்தலாம், இல்லாவிட்டால் புது பிளாக்குக்குப் போக வேண்டியதுதான். உடல் தானம் செய்தவரின் உடல் எந்த வாசலில் வருகிறது, எந்த லிஃப்டில் ஏறுகிறது என்பதையும் படத்திலேயே வரைந்துவிடுங்கள். கேன்டீன் வாசல் வழியாக வரக்கூடாது.

டிசெக்‌ஷன் ஹாலே வேண்டாம், எல்லாம் டிஜிட்டலில் பார்த்துக்கொள்ளலாம் என்ற யோசனையும் மேஜைக்கு வரும். கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகமும் கிளீவ்லேண்ட் கிளினிக்கும் சேர்ந்து 2019இல் திறந்த வளாகத்தில், முப்பரிமாண உருவங்களைக் கண்முன் காட்டும் மைக்ரோசாஃப்ட்டின் ஹோலோலென்ஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அனாட்டமி படிக்கும் முறைக்குப் பெரிய இடம் கொடுத்தார்கள். பாடம் நன்றாகவே நடக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் 2024இல் ஹோலோலென்ஸ் 2 தயாரிப்பையே மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. கட்டடம் ஐம்பது வருடம் நிற்கும், கருவி ஐந்து வருடம். தண்ணீர், வடிகால், எக்ஸாஸ்ட் உள்ள ஹாலில் எந்த நாளும் திரையைக் கொண்டுவந்து மாட்டலாம். கம்பளம் விரித்த ஹாலில் வடிகாலைப் பின்னால் கொண்டுவர முடியாது.

வெளியே போகும் திட்டம்

வெளிநிலத் திட்டத்தின் படம்தான் எப்போதும் அழகாக இருக்கும். மரம், நடைபாதை, நடுவில் ஒரு குளம். நெருக்கடியில் வேலை செய்து சலித்தவர்களுக்கு அதைப் பார்த்ததும் ஒரு பெருமூச்சு வரும், எனக்கும் வந்திருக்கிறது. கட்டுமானமும் அங்கே சுலபம். இரவு பகலாக வேலை நடக்கலாம், எந்த நோயாளிக்கும் தொந்தரவில்லை.

குறை அந்தப் படத்தில் தெரியாது, கைக்கடிகாரத்தில் தெரியும். காலை ரவுண்ட்ஸ் ஒன்பதே காலுக்கு முடிகிறது. வகுப்பு ஒன்பதரைக்கு. கல்லூரி எதிர்க் கட்டடத்தில் இருந்தால் மாணவர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் போட்டபடியே வந்துவிடுவார். பஸ்ஸில் அரை மணி என்றால் ஒன்று ரவுண்ட்ஸ் போகும், இல்லை வகுப்பு போகும். ஆசிரியர் பக்கம் இன்னும் மோசம். இரண்டு ஆபரேஷனுக்கு நடுவே முக்கால் மணி நேரம் கிடைக்கும் சர்ஜன், பக்கத்துக் கட்டடம் என்றால் வந்து பாடம் எடுப்பார். ஊர் தாண்டிப் போக வேண்டும் என்றால் முதல் மாதம் வருவார், அப்புறம் பி.ஜி. மாணவரை அனுப்புவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

ஆராய்ச்சிக்கும் இது பொருந்தும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் ஆலன், ஆராய்ச்சி நிறுவனங்களில் யார் யாரோடு பேசுகிறார்கள் என்று அளந்து 1977இல் வெளியிட்டார். மேஜைகளுக்கிடையே தூரம் கூடக்கூடப் பேச்சு சரசரவென்று குறைகிறது. ஐம்பது மீட்டர் வாக்கிலேயே ஏறக்குறைய நின்றுவிடுகிறது. ஐம்பது மீட்டருக்கே இந்தக் கதி என்றால் பத்துக் கிலோமீட்டரைப் பற்றிப் பேசவே வேண்டாம். நோயாளியிடமிருந்து வெட்டியெடுத்த பயாப்ஸி துண்டு ஐஸில் வைத்து ஆய்வகத்துக்கு வர வேண்டும் என்னும்போது தூரம் நேரடியாகவே சோதனையைக் கெடுக்கும்.

சான் ஃபிரான்சிஸ்கோவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், பார்னாசஸ் குன்றின்மேல் இடம் தீர்ந்துபோய் மிஷன் பே பகுதியில் புது வளாகம் தொடங்கியது. முதல் ஆராய்ச்சிக் கட்டடம் 2003இல் வந்தது, மருத்துவமனை 2015இல். இடையில் பன்னிரண்டு வருடம். அங்கே இருந்தது ஒரே நகரத்துக்குள் சில கிலோமீட்டர்தான், ஷட்டில் பஸ்ஸும் ஓடியது. அப்படிப்பட்ட வசதி படைத்த நிறுவனத்துக்கே மருத்துவமனை வந்து சேர அவ்வளவு காலம் ஆனது. மாறாக, கொலராடோ பல்கலைக்கழகம் டென்வரிலிருந்து அரோராவில் மூடப்பட்ட ராணுவ மருத்துவமனை நிலத்துக்குப் போனபோது மருத்துவமனை, கல்லூரி, ஆய்வகம் எல்லாமே 2000களில் சில ஆண்டுகளுக்குள் அடுத்தடுத்துக் கிளம்பிவிட்டன. வெளியே போவதென்றால் அப்படிப் போக வேண்டும். ‘இப்போதைக்குக் கல்லூரி, மருத்துவமனை இரண்டாம் கட்டத்தில்’ என்று கோப்பில் இருந்தால் அந்த இரண்டாம் கட்டத்துக்கு நிதி ஒதுக்கியிருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.

பிரித்து வைப்பதே தப்பு என்று சொல்லவில்லை. சிங்கப்பூரின் லீ காங் சியான் மருத்துவக் கல்லூரி இரண்டு இடத்தில் இயங்குகிறது. ஒன்று டான் டாக் செங் மருத்துவமனையை ஒட்டி நொவீனாவில், மற்றது நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகத்துக்குள். இரண்டுமே ஏதோ ஒன்றை ஒட்டி நிற்கின்றன. எதையும் ஒட்டாமல் காலி மனையில் தனியாக நிற்பதுதான் என் பயம்.

பக்கத்திலேயே புது பிளாக்

நான் ஆதரிக்கும் திட்டத்துக்கும் வலிகள் உண்டு, அதை மறைக்கப்போவதில்லை. மருத்துவமனைக்கு அருகே குழி தோண்டினால் தூசியோடு ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையின் வித்துகளும் கிளம்பும். எலும்பு மஜ்ஜை மாற்று, ரத்தப் புற்றுநோய் வார்டுகளில் எதிர்ப்புச் சக்தி குறைந்து படுத்திருப்பவர்களுக்கு அது உயிர் ஆபத்து. தடுப்புச் சுவர், ஜன்னல் அடைப்பு, காற்று வடிகட்டி எல்லாம் கட்டுமான ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்க வேண்டும். ஆய்வு விலங்குகளை வளர்க்கும் ஆனிமல் ஹவுஸ் பக்கத்தில் இருந்தால், அஸ்திவாரத் தூண் இறக்கும் பைலிங் சத்தத்திலும் அதிர்விலும் எலிகள் குட்டி போடுவதே குறைந்துவிடும். ஒரு ஆய்வு மாணவரின் மூன்று வருட உழைப்பு அதில் போகலாம்.

இடம் குறைவு என்பதால் எல்லோரும் நிலத்தடிக்குப் போகப் பார்ப்பார்கள். லண்டனில் 2016இல் இயங்கத் தொடங்கிய ஃபிரான்சிஸ் கிரிக் ஆய்வு நிறுவனம் நான்கு தளங்களை நிலத்தடியில் வைத்திருக்கிறது. அதிர்வுக்கு அஞ்சும் கருவிகளுக்கு அது நல்ல இடம். ஆனால் விலங்குகளை அங்கே வைப்பதற்கு முன் இரண்டு சம்பவங்களைப் படித்துவிடுங்கள். 2001 ஜூனில் அலிசன் புயல் மழையில் ஹூஸ்டன் மருத்துவ வளாகத்தின் நிலத்தடிகள் மூழ்கி ஆயிரக்கணக்கான ஆய்வு விலங்குகள் செத்தன. 2012இல் சாண்டி புயலின்போது நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவ மையத்திலும் அதேதான்; தலைமுறை தலைமுறையாக வளர்த்த மரபணு மாற்ற எலிகள் ஒரே இரவில் போயின. தண்ணீர் வரக்கூடிய இடமென்றால் கனமான மைக்ரோஸ்கோப் கீழே, விலங்குகளும் ஜெனரேட்டரும் மின் பேனலும் மேலே. மைக்ரோஸ்கோப்பைக் காப்பீட்டுப் பணத்தில் திரும்ப வாங்கலாம்.

ஆய்வு மாதிரிகளை உறைய வைக்கும் மைனஸ் எண்பது டிகிரி ஃபிரீசர்களுக்கென்று தனி அறை கேளுங்கள். பழைய மாடல் ஒன்று நாளைக்கு 15 முதல் 20 யூனிட் மின்சாரம் இழுக்கும், இழுத்ததையெல்லாம் வெப்பமாக அறைக்குள் கொட்டும். முப்பது ஃபிரீசரை நடைபாதையில் வரிசையாக நிறுத்தியிருக்கும் கல்லூரியை நான் பார்த்திருக்கிறேன். ஜெனரேட்டர் இணைப்பு பாதிக்குத்தான் இருந்தது. ஒரு சனிக்கிழமை மின்வெட்டில் எந்தப் பாதி உருகியது என்று கேட்டால் அங்கே இன்னும் யாரும் சிரிப்பதில்லை.

வரிசை

பாடம் பழையதில், ஆராய்ச்சி புதியதில் என்ற கலவைத் திட்டத்தில் பெரிய சண்டை யார் முதலில் நகர்வது என்பதில்தான் வரும். புது ஆய்வு பிளாக்கை முதலில் முடிக்க வேண்டும். ஆய்வகங்கள் காலி செய்த தளங்களைத்தான் வகுப்பறையாகத் திருத்த முடியும். நேர்மாறாகச் செய்தால் ஆய்வகத்தை இரண்டு முறை நகர்த்த நேரும். பழைய கட்டடத்தில் ஒரு நேரத்தில் ஒரு தளம் மட்டும். மேல் தளத்திலிருந்து தொடங்கினால் கழிவுக் குழாய்களைத் துண்டிக்கும்போது கீழே வகுப்பு நடத்துகிறவர்கள் உங்களைத் திட்டுவார்கள். கீழிருந்து தொடங்கினால், முடித்த சீலிங்கின்மேல் தண்ணீர் ஒழுகும். நான் மேலிருந்தே தொடங்குவேன், திட்டு வாங்கிக்கொண்டு. புது பிளாக்கையும் பழையதையும் இணைக்கும் பாலத்தை இரண்டாம் கட்டத்துக்குத் தள்ள விடாதீர்கள்; அது வார்டு தளத்தின் மட்டத்திலேயே, டிராலி தள்ளும் அகலத்தில் வரட்டும். டிசெக்‌ஷன் ஹால் கடைசியில், ஒரு பேட்ச் அனாட்டமி முடித்து அடுத்த பேட்ச் சேரும் இடைவெளியில். புது எக்ஸாஸ்ட்டை ஓடவிட்டு, காற்றில் ஃபார்மால்டிஹைடு எவ்வளவு என்று அளந்து பார்த்த பிறகுதான் முதல் டேபிளில் உடலை வைக்க வேண்டும்.